பெங்களூர்ல கூலி வேலை வீட்டுப் பசங்க காலேஜ் ஃபீஸுக்கு உதவி வாங்குறது எப்படி

எல்லாரும் பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, ரிசல்ட் வந்தப்புறம்தான் ஸ்காலர்ஷிப் தேட ஆரம்பிக்கிறாங்க, அங்கதான் பாதி பேருக்கு கோட்டை விட்டுப் போகுது. நான் ஸ்ரீராம்புரத்துல ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வெச்சிருக்கேன், மே ஜூன் வந்தா வாசல்ல கூட்டம், 85 பெர்சென்ட் 90 பெர்சென்ட் எடுத்த பசங்க, ஆனா வருமான சர்டிபிகேட் இருக்காது, ஆதார்ல ஒரு பேரு மார்க்ஸ் கார்டுல ஒரு பேரு, பேங்க் அக்கவுன்ட் அம்மா பேர்ல இருக்கும். மார்க் பத்தாம பணம் கிடைக்காம போனவங்க நான் பார்த்த வரைக்கும் கம்மி, பேப்பர் சரியில்லாம போனவங்கதான் ஜாஸ்தி. அதனால செகண்ட் பி.யூ.சி. படிக்கிறவங்க இதை டிசம்பர்லயே படிச்சிட்டு வேலையை ஆரம்பிச்சிடுங்க, ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணாதீங்க.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கோங்க, நல்ல மார்க்குக்கு குடுக்கிற பரிசு வேற, வீட்டு நிலைமையைப் பார்த்து குடுக்கிற உதவி வேற. ரெண்டாவது ரகத்துக்கு நீங்க ஏழைன்னு வாயால சொன்னா பத்தாது, பேப்பர்ல காட்டணும், பெயின்டர் வீட்லயும் ஹவுஸ்கீப்பிங் வேலை பாக்குற வீட்லயும் அந்தப் பேப்பர்தான் இருக்காது. கவர்மென்ட் வேலைக்காரர் வீட்ல சம்பள ஸ்லிப் ஃபைல் போட்டு வெச்சிருப்பாங்க, நம்ம வீட்ல சனிக்கிழமை மேஸ்திரி கையில குடுக்கிற காசுதான் சம்பள ஸ்லிப்.

அதனால வருமான சர்டிபிகேட்ல ஆரம்பிக்கலாம். நாடகச்சேரி, அதாவது அடல்ஜி ஜனஸ்நேகி கேந்திராலயோ இல்ல பெங்களூர் ஒன் சென்டர்லயோ அப்ளை பண்ணலாம், ஆன்லைன்லயும் முடியும், தாசில்தார் சைன் பண்ணி குடுப்பாரு, மேல ஆர்.டி.ன்னு ஆரம்பிக்கிற நீளமான நம்பர் ஒண்ணு இருக்கும், உங்க மொத்த காலேஜ் வாழ்க்கைக்கும் அந்த நம்பர்தான் சாவி, போட்டோ எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. ஜாதி சர்டிபிகேட் வேணும்னா ரெண்டையும் சேர்த்தே போட்டுடுங்க. ஒருவாட்டி எடுத்தா வருமானத்துக்கு அஞ்சு வருஷம் ஓடும், ஆனா உங்க அண்ணனுக்கு எடுத்தது இன்னும் ஓடுதான்னு தேதி பாத்துக்கோங்க, டிகிரி நடுவுல முடிஞ்சு போனா ரின்யூவல் நிக்கும்.

வருமானம் எவ்வளவுன்னு வெரிஃபை பண்ண வர்றவர் கேட்பாரு, இங்கதான் நம்ம ஆளுங்க சொதப்புறாங்க. ஒரு பெயின்டர்கிட்ட தினம் எவ்வளவு கூலின்னு கேட்டா 800ன்னு பெருமையா சொல்லுவாரு, அவங்க 800ஐ 30ஆல பெருக்கி 12ஆல பெருக்கி 2,88,000னு எழுதிக்குவாங்க, அம்மா வீட்டு வேலையில மாசம் 8,000 வாங்குறாங்கன்னா இன்னொரு 96,000 சேர்த்து 3,84,000, அவ்வளவுதான், பாதி ஸ்கீம் கைவிட்டுப் போச்சு. உண்மையில அவருக்கு மாசத்துக்கு 30 நாள் வேலை எங்க இருக்கு? மழை இல்லாத எட்டு மாசம் மாசத்துக்கு 20 நாள், மழை நாலு மாசம் எட்டு நாள்னு வெச்சா மொத்தம் 192 நாள், அதாவது 1,53,600, அம்மாவோடது சேர்த்தா 2,49,600. முதல் கணக்குல எஸ்.சி. ஸ்காலர்ஷிப்போட 2.5 லட்சம் லிமிட் போச்சு, ரெண்டாவதுல உள்ள இருக்கீங்க. இது பொய் சொல்றது இல்ல, ரெண்டாவதுதான் நிஜக் கணக்கு. பொய் கணக்கு குடுக்காதீங்க, பி.எஃப். பிடிக்கிற வேலையில அப்பா இருந்தா அது எங்கயாவது ஒரு நாள் தெரிஞ்சிடும், குடுத்ததை திருப்பிக் கேட்பாங்க. ஆனா உட்கார்ந்து வீட்ல ஒரு பேப்பர்ல மாசவாரியா எழுதி எடுத்துட்டுப் போங்க, வாடகை எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு போகுதுன்னும் எழுதுங்க, அது பின்னாடி ட்ரஸ்ட்டுக்கு லெட்டர் எழுதும்போதும் உதவும். அப்பாகிட்ட சம்பளம் கேட்க கூச்சமா இருக்குன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு, கேளும்மா, அவரே மொத்தமா கூட்டிப் பார்த்திருக்க மாட்டாரு.

ஆபீஸ்ல கொஞ்சம் கன்னடத்துல பேசுங்க, உடைஞ்ச கன்னடமா இருந்தாலும் பரவால்ல, இங்கயே பொறந்து வளர்ந்த பசங்க அங்க போனதும் வாயே திறக்காம அப்பாவை முன்னாடி தள்ளி விடுறாங்க, அவருக்கு ஃபார்ம்ல என்ன இருக்குன்னே தெரியாது.

அடுத்தது பேரு. தமிழ் வீடுகளுக்குன்னே இருக்கிற தலைவலி இது, இனிஷியல். ஸ்கூல்ல எம். கார்த்திக்னு குடுத்திருப்பாங்க, ஆதார்ல கார்த்திக் எம்., ரேஷன் கார்டுல கார்த்திக் மட்டும், பேங்க்ல யாரோ ஒருத்தர் முருகன் கார்த்திக்னு விரிச்சு எழுதியிருப்பாரு. மனுஷனுக்கு எல்லாம் ஒரே ஆளுதான், கம்ப்யூட்டருக்கு நாலு ஆளு. எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டை அடிப்படையா வெச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, தலைகீழா பண்ணாதீங்க, போர்டு சர்டிபிகேட்ல பேர் மாத்துறது பெரிய அலைச்சல். ஆதார்ல பேரை வாழ்க்கையில ரெண்டு தடவைதான் மாத்த விடுவாங்க, பிறந்த தேதி ஒரே தடவை, அதனால அவசரத்துல யாரோ டைப் பண்ணதை ஓகே குடுக்காதீங்க, ஸ்க்ரீன்ல ஒவ்வொரு எழுத்தா படிச்சிட்டு சொல்லுங்க, எழுத்துக்கு நடுவுல இருக்கிற புள்ளி, இடைவெளி கூட. தம்பி தங்கச்சி இன்னும் ஒன்பதாவது பத்தாவது படிச்சா ஸ்கூல்ல இப்பவே போய் ரெஜிஸ்டர்ல பேரை சரி பாருங்க, பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடி சரி பண்றது ஈசி.

பேங்க் அக்கவுன்ட் ஸ்டூடன்ட் பேர்ல இருக்கணும், ஆதார் சீடிங் ஆகியிருக்கணும். ஆதார் நம்பரை பேங்க்ல குடுத்தாச்சேன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அது வேற, கவர்மென்ட் பணம் வர்றதுக்கு என்.பி.சி.ஐ. மேப்பிங்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் நிக்கும், கடைசியா எந்த பேங்க்ல சீட் பண்ணீங்களோ அங்கதான் பணம் போகும். மை ஆதார் சைட்ல லாகின் பண்ணா பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்னு காட்டும், ஒரு நிமிஷ வேலை, பாருங்க. சிம் வாங்கும்போது கூடவே திறந்து விட்ட ஏதோ பேமென்ட்ஸ் பேங்க் அக்கவுன்ட்டுக்கு ஸ்காலர்ஷிப் போய் விழுந்துட்டு, பணமே வரலன்னு பையன் வருஷம் பூரா டிபார்ட்மென்ட்டை திட்டிட்டு இருந்த கதையெல்லாம் உண்டு. சின்ன வயசுல ஓப்பன் பண்ண அக்கவுன்ட்டா இருந்தா 18 ஆனதும் பேங்க்குக்கு போய் மறுபடி கே.ஒய்.சி. குடுங்க, இல்லன்னா பணம் வர்ற நேரத்துல அக்கவுன்ட் தூங்கிட்டு இருக்கும்.

ஜாதி சர்டிபிகேட் விஷயம் நம்ம ஆளுங்களுக்கு கொஞ்சம் சிக்கல், அதை மழுப்பாம சொல்லிடுறேன். தமிழ்நாட்ல வாங்கின கம்யூனிட்டி சர்டிபிகேட்டை வெச்சு கர்நாடகா ஸ்கீம்ல எதுவும் நடக்காது, கர்நாடகா தாசில்தார் குடுத்ததுதான் வேணும். ஆதி திராவிடா கர்நாடகா எஸ்.சி. லிஸ்ட்லயும் இருக்கு, ஆனா பேரு லிஸ்ட்ல இருக்குறது மட்டும் பத்தாது, ஒரு ஸ்டேட்ல எஸ்.சி.யா இருக்கிறவங்க இன்னொரு ஸ்டேட்டுக்கு குடிபோயிட்டா அங்க அந்த சலுகையைக் கேட்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2018ல சொல்லிருச்சு, எஸ்.சி. லிஸ்ட் போட்ட 1950 ஆர்டர் வந்தப்ப குடும்பம் எங்க இருந்துச்சுன்னு பார்ப்பாங்க. கன்டோன்மென்ட் பக்கம், மில் லைன்ல, கே.ஜி.எஃப்.ல மூணு நாலு தலைமுறையா இருக்கிற குடும்பங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல, ஆனா நிரூபிக்கணும், தாத்தா பின்னி மில்லுல வேலை பார்த்த பேப்பர், அப்பாவோட ஸ்கூல் டி.சி., பழைய ரேஷன் கார்டு, சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ ஏற்கனவே இங்க குடுத்த சர்டிபிகேட், இதையெல்லாம் பெட்டியில இருந்து எடுத்து லேமினேட் பண்ணாம பத்திரமா வைங்க. போன பத்து வருஷத்துல திருவண்ணாமலை, தர்மபுரி பக்கத்துல இருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பமா, ரேஷன் கார்டெல்லாம் இன்னும் ஊர்லயே இருக்கா, அப்ப இங்க அடிச்சுக்காதீங்க, போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாவதுக்கு மேல படிக்கிறதுக்கான ஸ்காலர்ஷிப்பை மாணவர் எந்த ஸ்டேட்டை சேர்ந்தவரோ அந்த ஸ்டேட்தான் குடுக்கணும்னு ரூல், பெங்களூர்ல படிச்சாலும் தமிழ்நாடு வழியா கேளுங்க.

சி.இ.டி., அதாவது இன்ஜினியரிங் மாதிரி கோர்ஸ் சீட்டுக்கு கர்நாடகா வைக்கிற என்ட்ரன்ஸ் எழுதுறவங்களுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு, கர்நாடகால ஏழு வருஷம் படிச்சிருக்கணும், எஸ்.எஸ்.எல்.சி., செகண்ட் பி.யூ.சி. ரெண்டுல ஒண்ணாவது இங்க பாஸ் ஆகியிருக்கணும். பாட்டி வீட்ல நாலாவது வரைக்கும் படிச்சிட்டு வந்தவங்க எண்ணிப் பாருங்க, ஸ்டடி சர்டிபிகேட்டை ஒவ்வொரு ஸ்கூல்லயும் முன்னாடியே வாங்கிடுங்க.

இப்ப பணம் எங்க இருக்குன்னு பார்ப்போம். பெருசு எஸ்.எஸ்.பி., ஸ்டேட் ஸ்காலர்ஷிப் போர்ட்டல். சோஷியல் வெல்ஃபேர், பேக்வர்ட் கிளாஸ், மைனாரிட்டி எல்லா டிபார்ட்மென்ட்டும் ஒரே இடம்தான், ஆதார் வெச்சு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணி, ஆர்.டி. நம்பர், காலேஜ் ரெஜிஸ்டர் நம்பர், ஸ்கூல்ல குடுத்த சாட்ஸ் நம்பர் எல்லாம் போட்டா உங்களுக்கு எந்த டிபார்ட்மென்ட்டோ அதுக்கு போயிடும். சில சர்டிபிகேட்டுக்கு ஈ-அட்டெஸ்டேஷன் கேட்கும், அதை காலேஜ்லயோ டிபார்ட்மென்ட் ஆபீஸ்லயோ இருக்கிற அதிகாரிகிட்ட ஒரிஜினலைக் காட்டி ஐ.டி. வாங்கணும், வீட்ல உட்கார்ந்து ஆகாது. எஸ்.சி. பசங்களுக்கு போஸ்ட் மெட்ரிக்ல லிமிட் 2.5 லட்சம், கட்டாய ஃபீஸ் போக வருஷத்துக்கு ஒரு படியும் உண்டு, மத்திய அரசு கைட்லைன்படி இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி கோர்ஸ்ல ஹாஸ்டல்ல இருந்தா 13,500, வீட்ல இருந்து போனா 7,000, சாதாரண பி.ஏ., பி.காம். ரகத்துக்கு வீட்ல இருந்து போனா 3,000. அந்தக் கைட்லைன்லயே ஃப்ரீஷிப் கார்டுன்னு ஒண்ணு இருக்கு, கையில காசு கட்டாம அட்மிஷன் போடுறதுக்கு, அட்மிஷன் கவுன்ட்டர்ல முதல் ஆளா அதைக் கேளுங்க, பல காலேஜ்ல நீங்களா கேட்காம சொல்ல மாட்டாங்க. பேக்வர்ட் கிளாஸ்ல கேட்டகரிக்கு கேட்டகரி லிமிட் வேற, அதனால பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்துச்சு எனக்கு ஏன் வரலன்னு சண்டை போடாதீங்க. கே.ஜி.எஃப்., ஓசூர் பார்டர் பக்கமிருந்து படிக்க வந்து ஹாஸ்டல் கிடைக்காத ஓ.பி.சி. பசங்களுக்கு வித்யாசிரின்னு மாசம் 1,500 வீதம் பத்து மாசம் சாப்பாட்டு வாடகைக்கு குடுக்கிறது இருக்கு, தினம் மாரிக்குப்பம் ட்ரெயின்ல வந்து போற பசங்க முதல்ல கவர்மென்ட் ஹாஸ்டலுக்கு போட்டுப் பார்த்துட்டு இதைக் கேளுங்க.

அடுத்தது என்.எஸ்.பி., நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல், மத்திய அரசோடது. முதல்ல ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எடுக்கணும், முகத்தைக் காட்டி ஆத்தென்டிகேஷன் கேட்கும், பழைய போன்ல சில நேரம் எடுக்காது, வெளிச்சத்துல நில்லுங்க. இதுல ஜாதி எதுவா இருந்தாலும் போடக்கூடியது சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப், பன்னெண்டாவதுல உங்க போர்டுல 80 பெர்சென்டைலுக்கு மேல இருக்கணும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள, டிகிரிக்கு வருஷம் 12,000, பி.ஜி.க்கு 20,000. பெர்சென்டைல்னா பெர்சென்ட் இல்ல, உங்க ஸ்ட்ரீம்ல நூறு பேர்ல எண்பது பேரை தாண்டியிருக்கணும்னு அர்த்தம். டிப்ளமா, இன்ஜினியரிங் சேர்ற பொண்ணுங்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. பிரகதி, வருஷம் 50,000, வருமானம் 8 லட்சம் வரைக்கும், ஒரு வீட்ல ரெண்டு பொண்ணு வரைக்கும், ஃபர்ஸ்ட் இயர்லயே போடணும், இவ்வளவு பெரிய தொகை இருக்குறது தெரியாமலே எத்தனையோ பொண்ணுங்க பாலிடெக்னிக் முடிச்சிட்டுப் போயிடுறாங்க. மாற்றுத்திறனாளி பசங்களுக்கு சக்ஷம், அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாதவங்களுக்கும் கோவிட்ல பெத்தவங்கள இழந்தவங்களுக்கும் ஸ்வநாத், அதுவும் 50,000தான்.

என்.எஸ்.பி.ல சப்மிட் பண்ணா முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, உங்க காலேஜ்ல ஒரு நோடல் ஆபீசர் அதை வெரிஃபை பண்ணி தள்ளி விடணும், அவர் மறந்தா நீங்க காலி. பிரின்ட் எடுத்து அவர் டேபிள்ல குடுங்க, ஒரு வாரம் கழிச்சு சார் ஆயிடுச்சான்னு கேளுங்க, சிரிச்சுக்கிட்டே கேளுங்க, மறுபடி கேளுங்க. கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி போய் நின்னா அவருக்கும் நூறு ஃபைல்.

ஜாதி வழியில கிடைக்காதவங்க, இல்ல சர்டிபிகேட் சிக்கல்ல மாட்டினவங்க, அப்பா அம்மா வேலையை வெச்சு கேளுங்க, இதை ரொம்ப பேர் விட்டுடுறாங்க. அப்பா கட்டட வேலையா, கட்டடம்னா கொத்தனார் மட்டும் இல்ல, பெயின்டர், கார்பென்டர், டைல்ஸ், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாரும்தான், வருஷத்துல 90 நாள் வேலை பார்த்திருந்தா கட்டடத் தொழிலாளர் போர்டுல மெம்பர் ஆகலாம், அந்த லேபர் கார்டு இருந்தா பசங்க படிப்புக்கு உதவித்தொகை உண்டு. தொகை அடிக்கடி மாறுது, கார்டை நேரத்துக்கு ரின்யூ பண்ணி வைங்க, காசு குடுத்து கார்டு வாங்காதீங்க, போலி கார்டு ஏகப்பட்டது கேன்சல் ஆயிருக்கு. அம்மா கார்மென்ட்ஸ்லயோ வேற ஃபேக்டரிலயோ இருந்தா சம்பளத்துல வருஷம் ஒரு தடவை லேபர் வெல்ஃபேர் ஃபண்டுன்னு சின்னதா ஒரு தொகை பிடிச்சிருப்பாங்க, ஸ்லிப்ல பாருங்க, அந்தப் பணம் போற கர்நாடகா லேபர் வெல்ஃபேர் போர்டே தொழிலாளர் பசங்களுக்கு ஸ்காலர்ஷிப் குடுக்குது, மார்க் பாதி எடுத்திருந்தா போதும், எஸ்.சி., எஸ்.டி.க்கு அதுலயும் தளர்வு, ஃபார்ம்ல மேனேஜ்மென்ட் கையெழுத்து வேணும், அதுக்கு எச்.ஆர். கிட்ட அம்மாவை மட்டும் அனுப்பாம நீங்களும் கூடப் போங்க. அப்பா ஆட்டோவா, யெல்லோ போர்டு கேப்பா, 2021ல விவசாயி பசங்களுக்குன்னு ஆரம்பிச்ச வித்யா நிதி அப்புறம் ஆட்டோ, டாக்ஸி ஓட்டுறவங்க வீட்டுக்கும் வந்துச்சு, இந்த வருஷம் அப்ளிகேஷன் ஓப்பன் ஆயிருக்கான்னு கர்நாடகா அரசோட சேவா சிந்து சைட்ல பாருங்க, லைசென்ஸும் பேட்ஜும் அப்பா பேர்ல இருக்கணும். பீடி சுத்துற வீட்டுப் பசங்களுக்கு என்.எஸ்.பி.லயே தனி ஸ்கீம் உண்டு.

சீட் எடுக்கும்போதே ஃபீஸை குறைக்கிற வழிதான் எல்லாத்தையும் விட நல்லது, வருஷா வருஷம் கையேந்த வேணாம் பாருங்க. சி.இ.டி.ல எஸ்.என்.க்யூ.ன்னு ஒண்ணு இருக்கு, இன்ஜினியரிங் காலேஜ்ல மொத்த சீட்டுக்கு மேல 5 பெர்சென்ட் சீட், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, மத்த ஃபீஸ் உண்டு. அப்ளிகேஷன் போடும்போதே அதை க்ளெய்ம் பண்ணணும், வருமான சர்டிபிகேட்டோட ஆர்.டி. நம்பர் அப்பவே கையில இருக்கணும், சி.இ.டி. அப்ளிகேஷன் வருஷ ஆரம்பத்துலயே வந்துடும், டிசம்பர் டிசம்பர்னு நான் ஏன் கத்துறேன்னு இப்ப புரியுதா. ஜே.இ.இ. எழுதுறவங்க ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஃபீஸைப் பார்த்து பயந்து ஓடாதீங்க, ஐ.ஐ.டி. ட்யூஷன் வருஷம் 2 லட்சம், சுரத்கல் மாதிரி என்.ஐ.டி.ல 1,25,000, ஆனா வீட்டு வருமானம் 1 லட்சத்துக்கு கீழன்னா ட்யூஷன் முழுசா தள்ளுபடி, 1ல இருந்து 5 லட்சம்னா மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமலே முழுசா. சர்ஜாபூர் பக்கம் இருக்கிற அசிம் பிரேம்ஜி யூனிவர்சிட்டியில வீட்டு வருமானத்தைப் பார்த்துதான் ஃபீஸ் உதவியே முடிவு பண்றாங்க, பிரைவேட்னு பேரைக் கேட்டதும் ஒதுக்கிடாதீங்க. இன்ஜினியரிங்தான் படிப்புன்னு இல்லாம இருந்தா கவர்மென்ட் ஃபர்ஸ்ட் கிரேட் காலேஜ், கவர்மென்ட் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு ஸ்காலர்ஷிப்பே தேவைப்படாத அளவுக்குத்தான் இருக்கும், ஏதோ பில்டிங் பெருசா இருக்குன்னு பிரைவேட்ல போய் விழுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதையும் பாருங்க, இது என் சொந்த அபிப்பிராயம்.

ட்ரஸ்ட், கம்பெனி ஸ்காலர்ஷிப்புக்கு வருவோம். பத்தாவதும் பி.யூ.சி.யும் கவர்மென்ட்ல படிச்ச பொண்ணுங்களுக்கு அசிம் பிரேம்ஜி பவுண்டேஷன் வருஷம் 30,000 குடுக்குது, கோர்ஸ் முடியிற வரைக்கும். சயின்ஸ், இன்ஜினியரிங், மெடிக்கல் பக்கம் போற பொண்ணுங்களுக்கு இன்ஃபோசிஸ் பவுண்டேஷனோட ஸ்டெம் ஸ்டார்ஸ், வருஷம் 1 லட்சம் வரைக்கும். ரிலையன்ஸ் பவுண்டேஷன் எந்த டிகிரியா இருந்தாலும் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு கோர்ஸ் முழுக்க சேர்த்து 2 லட்சம் வரைக்கும், ஆன்லைன்ல ஒரு ஆப்டிட்யூட் டெஸ்ட் வைப்பாங்க. பவுண்டேஷன் ஃபார் எக்ஸலன்ஸ் நம்ம பெங்களூர்லயே ஆபீஸ் வெச்சு இன்ஜினியரிங், எம்.பி.பி.எஸ். மாதிரி கோர்ஸுக்கு குடுக்கிறாங்க, துமகூர் ரோட்ல சீதாராம் ஜிண்டால் பவுண்டேஷன் இருக்கு. தம்பி இப்பதான் பத்தாவது நல்லா முடிச்சிருந்தா வித்யாதன், வீட்டு வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும், பி.யூ.சி.யில இருந்தே பிடிச்சு கூட்டிட்டு போவாங்க.

இவங்க எல்லாருமே உங்களைப் பத்தி எழுத சொல்லுவாங்க, அதைப் பார்த்ததும் பசங்க நெட்ல இருந்து எடுத்து, நான் சின்ன வயசுல இருந்தே நாட்டுக்கு சேவை செய்யணும்னு அப்படின்னு ஆரம்பிக்கிறாங்க. படிக்கிறவருக்கு அன்னிக்கு அது ஐம்பதாவது. அதுக்குப் பதிலா நம்பரை எழுதுங்க. இந்த மாதிரி: அப்பா பெயின்டர், மழை மாசத்துல எட்டு நாள்தான் வேலை, அம்மா ரெண்டு வீட்ல வேலை பார்க்கிறாங்க, வருஷத்துக்கு மொத்தம் 2,49,600, வாடகை மாசம் 7,000, தங்கச்சி ஒன்பதாவது, என் காலேஜ் ஃபீஸ் இந்த வருஷம் 48,000, எஸ்.எஸ்.பி.ல இவ்வளவு எதிர்பார்க்கிறேன், நான் சனி ஞாயிறு கடையில வேலை பார்த்து இவ்வளவு கட்டுவேன், மீதி 20,000க்குத்தான் உங்ககிட்ட கேட்கிறேன். அவ்வளவுதான் லெட்டர், ஒரு பக்கம். எவ்வளவு குறையுதுன்னு சொல்ற பையனுக்கு குடுக்கிறது அவங்களுக்கு ஈசி, எங்களுக்கு ரொம்ப கஷ்டம் சார்னு மட்டும் எழுதினா எவ்வளவு குடுக்கிறதுன்னு அவங்களுக்கும் தெரியாது. அழுகையை கூட்டி எழுத வேணாம், வீட்டுக்கு வெரிஃபிகேஷன் வருவாங்க, போன் பண்ணுவாங்க, எழுதினதும் இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். வீட்ல டிவி இருக்கு, வண்டி இருக்குன்னு ஒளிச்சு வைக்காதீங்க, லோன்ல வாங்கின வண்டின்னா லோன்ல வாங்கினதுன்னு சொல்லுங்க. வேற ஸ்காலர்ஷிப் வருதான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க, சென்ட்ரல் செக்டர் மாதிரி சிலது இன்னொண்ணோட சேர்த்து வாங்கக் கூடாது, எது பெருசோ அதை வெச்சுக்கோங்க.

இதே லெட்டரை காலேஜ் பிரின்சிபாலுக்கும் குடுக்கலாம். கிறிஸ்டியன் மேனேஜ்மென்ட் காலேஜ்லயும் பழைய ட்ரஸ்ட் காலேஜ்லயும் ஃபீஸ் கன்செஷனுக்குன்னு தனியா பணம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, போர்டுல ஒட்ட மாட்டாங்க. அட்மிஷன் அன்னிக்கே கேளுங்க, கன்செஷன் உண்டா, இன்ஸ்டால்மென்ட்ல கட்டலாமா, ஸ்காலர்ஷிப் வர்ற வரைக்கும் எக்ஸாம் ஹால் டிக்கெட்டை நிறுத்த மாட்டீங்களேன்னு. கட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்க, ரசீது இல்லாத டொனேஷனை எந்த ஸ்காலர்ஷிப்பும் எந்த பேங்க்கும் கணக்குல எடுக்காது. ஒரிஜினல் மார்க்ஸ் கார்டை பார்த்துட்டு திருப்பிக் குடுக்கணும், பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. ரூல் இருக்கு, சீட்டை விட்டுட்டுப் போனா அட்மிஷன் கடைசி தேதிக்கு 15 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடின்னா ஃபீஸை முழுசா திருப்பிக் குடுக்கணும்னும் இருக்கு, கட்டினதுல 5 பெர்சென்ட், மிஞ்சி மிஞ்சி 5,000 ரூபா வரைக்கும் ப்ராசஸிங்னு பிடிக்கலாம், அதை பிரின்ட் எடுத்துட்டுப் போய் மரியாதையா பேசுங்க.

இதெல்லாம் போட்டும் மீதி குறையுதுன்னா அப்பதான் லோன், முதல்லயே லோனுக்கு ஓடாதீங்க. கந்து வட்டியும் வேணாம், போன்ல வர்ற லோன் ஆப்பும் வேணாம், நேஷனலைஸ்டு பேங்க்ல எஜுகேஷன் லோன் 4 லட்சம் வரைக்கும் அடமானம் கேட்க மாட்டாங்க, கேட்டா அந்த ரூலை எழுதிக் காட்ட சொல்லுங்க. வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, டெக்னிக்கலோ ப்ரொஃபஷனலோ ஒரு கோர்ஸ், காலேஜுக்கு நாக்கோ என்.பி.ஏ.வோ ஒரு அங்கீகாரம் இருந்தா படிக்கிற காலமும் அப்புறம் ஒரு வருஷமும் வட்டியை கவர்மென்ட்டே கட்டும், பேங்க் மேனேஜர் தானா சொல்ல மாட்டாரு, வட்டி சப்சிடின்னு கேட்டு ஃபார்ம் குடுத்துட்டு வாங்க. 2024 நவம்பர்ல பி.எம். வித்யாலட்சுமின்னு புதுசா ஒண்ணு அறிவிச்சாங்க, லிஸ்ட்ல இருக்கிற நல்ல காலேஜ்ல சீட் கிடைச்சவங்களுக்கு ஜாமீன் ஆள் இல்லாமலே லோன், வருமானம் 8 லட்சம் வரைக்கும் இருக்கிறவங்களுக்கு 10 லட்சம் லோன் வரைக்கும் வட்டியில 3 பெர்சென்ட் குறைப்பு. சி.இ.டி., நீட் வழியா சீட் வாங்கின முஸ்லிம், கிறிஸ்டியன் பசங்களுக்கு மைனாரிட்டி கார்ப்பரேஷனோட அரிவு லோன் இருக்கு, வட்டி பேங்க்கை விட ரொம்பவே கம்மி, அல்சூர், லிங்கராஜபுரம் பக்கம் சர்ச்சுல விசாரிச்சாலே வாங்கினவங்க யாராவது சொல்லுவாங்க.

புரோக்கர் பத்தி, கடை வெச்சிருக்கிற நானே என் வாயால சொல்றேன். எஸ்.எஸ்.பி., என்.எஸ்.பி. ரெண்டுமே அப்ளை பண்ண காசு கிடையாது, எங்கள மாதிரி கடையில டைப் பண்றதுக்கும் பிரின்ட்டுக்கும் வாங்குவோம், அது வேற. ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றேன் பாதி பாதின்னு சொன்னவன், ப்ராசஸிங் ஃபீஸ் முன்னாடி கட்டுன்னு சொன்னவன், ஓ.டி.பி. கேட்டவன், மூணு பேரும் ஒரே ரகம். சைட் அட்ரஸ் gov.in (கவ் டாட் இன்)னு முடியுதான்னு பாருங்க. கடையில போட்டாலும் பாஸ்வேர்டை நீங்களே போடுங்க, உங்க போன் நம்பரையே குடுங்க, கடைக்காரன் நம்பரைக் குடுத்துட்டு கடை மூடிட்டுப் போனப்புறம் ஓ.டி.பி.க்கு அலைஞ்சவங்க இருக்காங்க.

சின்ன விஷயம்தான், ஆனா மாசக் கணக்குல பெருசு: பொண்ணுங்களுக்கு பி.எம்.டி.சி. ஆர்டினரி பஸ் சக்தி ஸ்கீம்ல ஃப்ரீ, பசங்க சேவா சிந்துல ஸ்டூடன்ட் பாஸ் போடுங்க, காலேஜ் லாகின்ல அப்ரூவ் ஆகணும், வகுப்பு ஆரம்பிச்ச வாரமே போட்டுடுங்க.

ஒருவாட்டி கிடைச்சா டிகிரி முடியிற வரைக்கும் தானா வரும்னு நினைக்காதீங்க, கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் வருஷா வருஷம் ரின்யூவல் போடணும், சென்ட்ரல் செக்டர்ல 50 பெர்சென்ட் மார்க்கும் 75 பெர்சென்ட் அட்டெண்டன்ஸும் இல்லன்னா நின்னுடும், ட்ரஸ்ட் சிலதுல ஒரு பேக்லாக் விழுந்தாலே கேள்வி கேட்பாங்க, விழுந்தா ஒளியாதீங்க, உடனே மெயில் போட்டு அடுத்த செம்ல எழுதுறேன்னு சொல்லிடுங்க, பெரும்பாலும் விட்டுக் குடுப்பாங்க. அட்டெண்டன்ஸ்ல வேலைக்குப் போற பசங்கதான் அடி வாங்குறாங்க, கேட்டரிங், டெலிவரி போறவங்க க்ளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பணம் வரலன்னா முதல்ல போர்ட்டல்ல ஸ்டேட்டஸ் பாருங்க, காலேஜ்ல நிக்குதா, டிபார்ட்மென்ட்ல நிக்குதா, பேங்க்ல திரும்பிப் போச்சான்னு அதுலயே காட்டும், எங்க நிக்குதோ அங்க போங்க, அக்னாலெட்ஜ்மென்ட் பிரின்ட், ஆதார் சீடிங் ஸ்க்ரீன்ஷாட், பாஸ்புக் முதல் பக்கம் மூணையும் எடுத்துக்கிட்டு, காலையில 11 மணிக்கு முன்னாடி.